அடுப்பு சின்னது, அண்டா பெரிது: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரிய பாத்திரங்களைப் பற்றியவை தனியாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அடுக்குமாடி வீட்டு அடுப்பில் அண்டா அளவுக்குக் காய்ச்சுகிறவர்கள் எழுதியவை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு வேண்டியதும் அதற்குள் வந்துவிடும்.

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம். இப்போது மெல்பர்னில் வேலை. மூன்றாம் மாடியில் வாடகை வீடு. அம்மா இந்தப் பத்திரிகையைச் சேர்த்துவைத்து அனுப்புவார். இங்கே வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்கிறது, நண்பர்கள் சேர்ந்து செய்கிறோம். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பாகும் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுப்பது) ஹாப்ஸும் (கசப்புக்குப் போடும் பூ) வாங்கி, 23 லிட்டரையும் ஒரே எவர்சில்வர் பாத்திரத்தில் கண்ணாடித் தட்டு மின்னடுப்பில் ஏற்றுகிறேன். இரண்டு மணி நேரம் ஆகியும் தளதளவென்று கொதிக்க மாட்டேன் என்கிறது. போன தடவை பொங்கி அடுப்பெல்லாம் பாகாகிவிட்டது. சுவரில் தண்ணீர் வழிகிறது. வீட்டு ஏஜண்டு பார்வையிட வரும் நாள் நெருங்குகிறது. பெரிய அடுப்பு வாங்கவா, இல்லை இந்த வேலையையே விட்டுவிடவா?
பெயர் வேண்டாம், மெல்பர்ன்

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி. பாத்திரத்தில் ஊற்றும் தண்ணீரைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். பீர் அதே 23 லிட்டர் வரும். எப்படி என்று சொல்கிறேன்.

நான் செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தே காலத்தை ஓட்டியவன். தண்ணீரிடம் பேரம் பேச முடியாது என்பது அங்கே முதல் பாடம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். இங்கே தெலுக் இந்தானிலும் அதே கணக்கு, மெல்பர்னிலும் அதே கணக்கு. உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 23 லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 8,200 கிலோஜூல் ஆகும். கண்ணாடித் தட்டு அடுப்பின் பெரிய வளையம் இரண்டு கிலோவாட் என்றால், பாத்திரத்துக்குள் இறங்குவது ஒன்றரைக்கும் கொஞ்சம் குறைவு. 1.4 என்று போடுங்கள். அந்த வேகத்தில் வெளியே ஒரு துளிச் சூடுகூடச் சிந்தாமல் போனாலே 98 நிமிடம்.

சிந்தாமல் போகுமா? வாய் அகன்ற பாத்திரம் 90 டிகிரியைத் தாண்டியதும் மேற்பரப்பிலிருந்து ஆவியும், பக்கச் சுவரிலிருந்து சூடும் வெளியே ஓட ஆரம்பித்துவிடும். அடுப்பு கொடுப்பதும் பாத்திரம் இழப்பதும் சரிக்குச் சரி வந்துவிட்டால் வெப்பமானியின் முள் அங்கேயே நின்றுவிடும். இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் அசையாது. உங்களுக்கு நடந்தது இதுதான். அடுப்பில் கோளாறு இல்லை. அதோடு, அந்த மாதிரி அடுப்புகளில் கண்ணாடி அளவுக்கு மேல் சூடேறினால் வளையம் தானாக அணைந்து மறுபடி பற்றும் ஓர் ஏற்பாடு உண்டு. பாத்திரத்தின் அடி கொஞ்சம் உப்பியிருந்தாலும், வளையத்தைவிட ரொம்ப அகலமாக இருந்தாலும் அது அடிக்கடி அணையும். அடி தட்டையாக இருக்கிறதா என்று ஒரு ரூலர் வைத்துப் பாருங்கள்.

சரி, வழிக்கு வருவோம். 10 லிட்டரை மட்டும் காய்ச்சுங்கள். அதே அடுப்பில் முக்கால் மணி நேரத்துக்குள் கொதிக்கும். சூடேறும்வரை மூடி போட்டே வையுங்கள். பக்கத்தில் மின்கெண்டி இருந்தால் அதில் இரண்டு மூன்று தடவை கொதிக்க வைத்து ஊற்றுங்கள், இன்னும் சீக்கிரம் ஆகும். மீதி 13 லிட்டர் தண்ணீர் கடைசியில் சேரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

"அப்படிப் பாதியைக் காய்ச்சினால் பீர் கெட்டுப்போகாதா?" என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். எதற்காகக் காய்ச்சுகிறோம் என்று தெரிந்தால் அந்தப் பயம் போய்விடும். ஒன்று, கிருமி சாக வேண்டும். இரண்டு, ஹாப்ஸில் இருக்கும் ஆல்பா அமிலம் கொதிநிலையில் உருமாறினால்தான் தண்ணீரில் கரைந்து கசப்பைக் கொடுக்கும். மூன்று, தானியத்தின் புரதம் திரண்டு கீழே படிய வேண்டும். நான்காவதாக, வெளிர் நிற மால்ட்டிலிருந்து வரும் கந்தக வாசனை ஒன்று ஆவியோடு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் வெந்த சோளம் மாதிரி நாறும். நீங்கள் வாங்குவது எக்ஸ்ட்ராக்ட். தொழிற்சாலையிலேயே தானியத்தை ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்துப் பாகாக்கிய சரக்கு அது. மூன்றாவது நான்காவது வேலைகளில் பெரும்பங்கு அங்கேயே முடிந்துவிட்டது. உங்கள் சமையலறையில் மிச்சம் இருப்பது ஹாப்ஸின் கசப்பும் கிருமி நீக்கமும்தான். அதற்கு 10 லிட்டர் தாராளம்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அத்தனை பாகையும் 10 லிட்டரில் கரைத்துக் காய்ச்சினால் கரைசல் கெட்டியாகி நிறம் கறுக்கும், ஹாப்ஸின் கசப்பும் சரியாக இறங்காது. அதனால் மூன்றில் ஒரு பங்குப் பாகை மட்டும் முதலில் போடுங்கள். மீதியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். சேர்க்கும்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கிளற வேண்டும். பாகு கனம், நேராக அடிக்குப் போய் உட்காரும். கீழே சூடு இருந்தால் தீய்ந்துவிடும், அந்தத் தீய்ந்த வாடையை எந்த ஈஸ்ட்டும் சரிசெய்யாது. கொதிக்கும் நேரத்தையும் 60 நிமிடத்திலிருந்து 30 ஆகக் குறைக்கலாம். 60 நிமிடத்தில் கிடைக்கும் கசப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு 30 நிமிடத்திலேயே இறங்கிவிடும். கசப்புக்கான ஹாப்ஸைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போயிற்று. இதில் உங்களுக்கு இன்னொரு லாபம், சுவரில் போகும் ஆவியும் பாதியாகும்.

பொங்குவதைப் பற்றி. பாய்லரில் தண்ணீர் அழுக்கேறினால் நுரை கட்டும், அதை உடனே கவனிக்காவிட்டால் ஆவியோடு தண்ணீரும் குழாயில் ஏறிவிடும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மால்ட் நீர் பொங்குவது புதிதாகத் தெரியவில்லை. மகளைப் பார்க்க மெல்பர்ன் போயிருந்தபோது மருமகன் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீடெல்லாம் மைலோ டின்னைத் திறந்த வாசனை. மைலோவிலும் இதே பார்லி மால்ட்தானே. கொதிக்கப் போகிற நேரத்தில் மேலே ஒரு பழுப்பு ஆடை கட்டியது. அங்கங்கே முட்டைப் பொரியல் துணுக்கு மாதிரி வெள்ளை திரண்டது. அடுத்த நிமிடம் அந்த ஆடை முழுசாக எழும்பிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது. மருமகன் தயாராக இருந்தார். ஒரு கையால் பாத்திரத்தை வளையத்திலிருந்து பாதி நகர்த்தினார், மறு கையில் பூச்செடிக்குத் தெளிக்கும் தண்ணீர்ப் புட்டி. நாலு தெளிப்பில் நுரை அடங்கியது.

மின்னடுப்பில் சுவிட்சைத் திருப்பினால் மட்டும் போதாது, தம்பி. காஸ் மாதிரி உடனே சூடு விடாது, கண்ணாடிக்குள் இருக்கும் சூடு இன்னும் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே பாத்திரத்தில் கால்வாசி இடம் காலியாக விடுங்கள். முதல் நுரை எழும்பி அடங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், போன் வந்தாலும் எடுக்க வேண்டாம். அது அடங்கிய பிறகுதான் ஹாப்ஸ், அதுவும் சிட்டிகை சிட்டிகையாக. மொத்தமாகக் கொட்டினால் மறுபடி சீறும். பாகு கண்ணாடியில் சிந்தி ஆறவிட்டால், இறுகும்போது கண்ணாடியைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். சர்க்கரை எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. அடுப்பு இளஞ்சூடாக இருக்கும்போதே சுரண்டித் துடைத்துவிடுங்கள். ஏஜண்டின் கண் முதலில் போவது அந்தத் தட்டுக்குத்தான்.

இனி சுவர். இதைத்தான் அதிகம் பேர் அலட்சியம் செய்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும். உங்கள் அடுப்பின் சூடு முழுவதும் ஆவிக்கே போனால் மணிக்கு இரண்டு லிட்டர் சொச்சம். ஆவி காற்றில் மாயமாய்ப் போய்விடுவதில்லை. குளிர்ந்த கண்ணாடி, குளிர்ந்த சுவர் எது கிடைக்கிறதோ அதில் மறுபடி தண்ணீராக உட்காரும். மருமகன் வீட்டில் அடுப்புக்கு மேலிருந்த அலமாரியின் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தேன். வெளியே வழவழப்பான வெள்ளைத் தாள், உள்ளே மரத்தூள் அழுத்திச் செய்த பலகை. ஓரத்தில் தாள் பிரிந்த இடத்தில் ஆவி குடித்துப் பலகை ஊதியிருந்தது, நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டிபோல ஆகிவிட்டால் அதைப் பழையபடி ஆக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

உங்கள் அடுப்புக்கு மேலே ஆவி உறிஞ்சும் பெட்டி இருக்கும். அது காற்றைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுகிறதா, கரி வடிகட்டி வழியாக மறுபடி சமையலறைக்கே விடுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை எண்ணெய் வாடையைக் குறைக்கும், ஈரத்தைத் தொடக்கூடத் தொடாது. அப்படியானால் சமையலறைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சன்னல், சமையலறையில் ஒரு சன்னல், இரண்டையும் திறந்து, ஒரு காற்றாடியைச் சன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். குளிர்காலமானாலும் அந்த ஒரு மணி நேரம் குளிரைத் தாங்கிக்கொள்ளுங்கள். மூடியைப் பாதி விலக்கி வையுங்கள், அப்போது ஆவி ஒரே பக்கமாகச் சன்னல் பக்கம் போகும். ஆவி போகட்டும் என்று வாசல் கதவை மட்டும் திறந்துவிடாதீர்கள். பல அடுக்குமாடிகளில் நடைபாதைப் புகை உணர்வி நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். ஆவிக்கே அது அலறும், வண்டி வந்துவிட்டால் கட்டணமும் வரும்.

அடுத்தது பாரம். எங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரம் 1885-இல் கட்டியது, உங்களுக்கே தெரியும். அதற்குள் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கீழே மெத்தென்ற மண், மேலே தண்ணீரின் கனம், கோபுரம் சாய்ந்துவிட்டது. தண்ணீரின் கனத்தைக் குறைத்து எடை போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. 23 லிட்டர் மால்ட் நீரும் பாத்திரமும் சேர்ந்தால் 26, 27 கிலோவுக்குக் குறையாது. அதைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிக்கொண்டு அடுப்பிலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நாலு அடி நடக்கிறீர்கள் அல்லவா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஆலையில் ஆவி பட்டு வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரைக் கரைசல் வெந்நீரைவிட மோசம், தோலில் ஒட்டிக்கொள்ளும். 10 லிட்டராகக் குறைத்தால் இந்த ஆபத்தும் பாதிக்கு மேல் குறையும். அப்போதும் காலில் மூடிய செருப்பு போடுங்கள், தரையில் ஈரம் இருக்கக்கூடாது, ஈரத் துணியால் கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். ஈரத் துணியில் சூடு நொடியில் கைக்கு வந்துவிடும்.

தொட்டியில் பாத்திரத்தை மூடியோடு இறக்கி, குழாய்த் தண்ணீரை நிரப்பிக் குளிர வையுங்கள். ஆரம்பத்திலேயே ஐஸைக் கொட்டி வீணாக்க வேண்டாம். 100 டிகிரியிலிருந்து 60 வரை வெறும் தண்ணீரே வேகமாக இழுத்துவிடும், இரண்டு மூன்று தடவை மாற்றினால் போதும். ஐஸ் அதற்குப் பிறகு. 40 டிகிரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். முந்தின நாளே 13 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சுத்தமான புட்டிகளில் மூடி, குளிர்பெட்டியில் வைத்திருப்பீர்கள். அது 4 டிகிரியில் இருக்கும். 40 டிகிரியில் 10 லிட்டரும் 4 டிகிரியில் 13 லிட்டரும் கலந்தால் 20 டிகிரி. அறைச் சூட்டில் புளிக்கவைக்கும் ஏல் வகை ஈஸ்ட்டுக்குக் கச்சிதமான சூடு. கொதிக்கும் 10 லிட்டரில் நேராகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் 45 டிகிரிக்கு மேலேதான் நிற்கும், ஈஸ்ட் செத்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைப்பதில் இன்னொரு நன்மை, குளோரின் போய்விடும். குளோரின் இருந்தால் பீரில் மருந்து வாடை அடிக்கும்.

நாளைக்கே எக்ஸ்ட்ராக்ட்டை விட்டு, தானியத்தை நீங்களே 65 டிகிரியில் ஊறவைத்துக் காய்ச்ச ஆசை வந்தால், அப்போது இந்தப் பாதிக் கணக்கு சரிப்படாது. முழு அளவும் கொதிக்க வேண்டும். அதற்கு அங்கே ஆட்கள் டீக்கடை மாதிரி மின்சார அண்டா வைத்திருக்கிறார்கள். தானியத்தைப் பெரிய துணிப்பையில் கட்டி அதிலேயே ஊறவைத்து, பையைத் தூக்கி வடித்துவிட்டு, அதே அண்டாவில் காய்ச்சும் முறை ஆஸ்திரேலியாவில் பிறந்ததுதான். சாதாரணப் பிளக்கில் 2,400 வாட் கிடைக்கும். மூழ்கியிருக்கும் சுருள் என்பதால் சூடு வீணாகாது, பால்கனியிலேயே வைத்து வேலையை முடிக்கலாம். ஆனால் அந்தப் பிளக்கில் வேறு எதையும் சேர்த்து மாட்டாதீர்கள், மெல்லிசு எக்ஸ்டென்ஷன் கம்பியும் கூடாது.

கேள்வி: அண்ணே, என் மகன் வெளிநாட்டில் படிக்கிறான். சமையலறையில் பீர் செய்கிறானாம், போனில் சிரித்துக்கொண்டு சொல்கிறான். எனக்குத் தூக்கமே வரவில்லை. கள்ளச் சாராயம் குடித்துச் செத்தவர்கள் கதை தெரியும். புட்டி வெடிக்கும் என்றும் சொல்கிறார்கள். அவன் குடிகாரனாகிவிடுவானோ என்ற பயம் வேறு.
ஒரு தாய், பாகான் டத்தோ

பதில்: தங்கச்சி, மூன்று பயத்தையும் தனித்தனியாகப் பார்ப்போம். 2018-இல் இங்கே பல உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த போலி மதுபானம். பார்லியை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பதில் அந்த அளவுக்கு மெத்தனால் வராது. அவன் பீரை வாலையில் (சாராயம் வடிக்கும் பாத்திரத்தில்) ஏற்றி வடிக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவிலும் வீட்டில் வடிப்பதற்கு அனுமதி இல்லை. அந்த வேலைக்கு மட்டும் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

புட்டி வெடிப்பது உண்மை. புளிப்பு முடியுமுன் அடைத்தாலோ, நுரைக்காகப் போடும் சர்க்கரை கூடினாலோ அழுத்தம் ஏறி வெடிக்கும், கண்ணாடித் துண்டு கண்ணில் பாயும். சர்க்கரை இன்னும் புளிக்கிறதா என்று காட்டும் அடர்த்திமானியில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் அடைக்கணும். ஒரு லிட்டருக்கு ஆறு ஏழு கிராம் சர்க்கரை, அதை நிறுத்துப் போடணும், கரண்டிக் கணக்கு ஆகாது. முதல் தடவை செய்கிறவன் என்றால் பிளாஸ்டிக் புட்டி நல்லது. அமுக்கிப் பார்த்தாலே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். புளிக்கிற பெரிய டப்பாவை இறுக்கி மூடாமல், வாயு வெளியேற ஏர்லாக் வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். இதையெல்லாம் நீங்கள் கேட்டால் அவனே அசந்துபோவான்.

மூன்றாவது பயத்துக்கு அடுப்பைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. தோட்டத்தில் கள்ளுக்கடைக்குப் போன கூலிப் பணம் என்ன ஆனது என்று நீங்களும் நானும் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் பயம் வீண் பயம் இல்லை. காய்ச்சுகிற எல்லாரும் குடிகாரர் ஆவதில்லை, என் மருமகன் ஒரு கோப்பையோடு எழுந்துவிடுவார். ஆனால் உங்கள் மகன் எவ்வளவு குடிக்கிறான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. நேராகக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள், தனியாகவா, நண்பர்களோடா என்று. கோபப்படாமல் கேட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். போனில் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் இதைச் சொல்கிற பிள்ளை ஒளிக்கிற பிள்ளை இல்லை.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் செய்யலாம் என்றால் இங்கே நம் வீட்டிலும் செய்யலாம்தானே? யாருக்கும் விற்கப்போவதில்லை.
வாசகர், பீடோர்

பதில்: செய்யக்கூடாது. 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி இங்கே மதுபானம் தயாரிக்கச் சுங்கத் துறையின் உரிமம் வேண்டும். விற்காவிட்டாலும் அதே சட்டம்தான். பிரிட்டனில் 1963-இலும் அமெரிக்காவில் 1978-இலும் வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்டார்கள். அது அந்த நாட்டுக்காரர்களுக்கு. இந்தப் பகுதியில் நான் சொல்லும் பீர் விவரமெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத்தான்.

கேள்வி: ஆடி மாதம் எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் அம்மன் கோயிலுக்கு 40 லிட்டர் கூழ் ஊற்றுவதாக வேண்டுதல். வீடு நான்காம் மாடி. சாதாரண இரட்டை அடுப்பில் ஒரே அண்டாவாக வைத்தால் அடிப்பிடிக்கிறது. கல்யாண வீட்டு ஹை பிரஷர் அடுப்பை வாடகைக்கு எடுத்துச் சமையலறையில் வைக்கலாமா?
குடும்பத் தலைவி, சுங்கை சிப்புட்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. அந்த அடுப்பு வெட்டவெளிக்கு உரியது. அடைத்த சமையலறையில் அது காற்றைக் குடித்துவிடும், தீ சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு வாடை கிடையாது, தலை சுற்றும்போது அதனால்தான் என்று தோன்றவே தோன்றாது. சுடர் நீளமாக எழும்பி மேல் அலமாரியைத் தொடும். அதன் ரெகுலேட்டரும் வேறு. வீட்டு ரப்பர்க் குழாய் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. 14 கிலோ காஸ் தோங் இரண்டைச் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம்.

மெல்பர்ன் தம்பிக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். நம் பாட்டிமார் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்து, அப்புறம்தான் மோரும் தண்ணீரும் விட்டுக் கரைத்தார்கள். 40 லிட்டர் கூழுக்கு 40 லிட்டரும் அடுப்பில் ஏற வேண்டியதில்லை. முந்தின இரவே புளிக்கவைத்த கேழ்வரகு மாவை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, இரண்டு பர்னரிலும் ஏழெட்டு லிட்டராக வையுங்கள். கூழ் கெட்டியாக இருப்பதால் தண்ணீர் மாதிரி தானாகச் சுழலாது, அடியில் இருப்பது அடியிலேயே வெந்து தீயும். ஆகவே தீயைக் குறைத்து, அடி அகப்பையில் தட்டும்படி கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நொய்யைத் தனியாக வேகவைத்துச் சேருங்கள். இரண்டு தடவை காய்ச்சினால் முப்பது லிட்டருக்குக் கெட்டிக் கூழ் வந்துவிடும். மீதிக்கு மோரும், கொதித்து ஆறிய தண்ணீரும், வெங்காயமும் கோயிலில் சேரட்டும்.

அண்டாவை நிரப்பி நான்கு மாடி இறக்க வேண்டாம். காலி அண்டா முதலில் கீழே போகட்டும். ஆறிய கூழை மூடி போட்ட வாளிகளில், ஒரு வாளிக்குப் பத்து லிட்டருக்கு மேல் போகாமல், பிள்ளைகளை விட்டு இறக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் வேலை செய்யும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: பெரிய பாத்திரம் வாங்கப் போகிறேன். அலுமினியமா, எவர்சில்வரா? இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கும் எண்ணம் இருக்கிறது.
வாசகர், குளுவாங்

பதில்: இண்டக்‌ஷன் வாங்குவதாக இருந்தால் வெறும் அலுமினியம் அதில் சூடாகாது. கடைக்குக் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பாத்திரத்தின் அடியில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டால் எடுக்கலாம். எவர்சில்வரிலும் சிலவற்றில்தான் காந்தம் ஒட்டும். பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில்தான் வைக்க வேண்டும். காஸ் அடுப்புக்கு மட்டும் என்றால் கனமான அலுமினியம் நல்ல சரக்கு. சூட்டைச் சமமாகப் பரப்பும், விலையும் குறைவு. ஆனால் சோடாக் காரத்தாலோ ப்ளீச்சாலோ அதைத் தேய்க்காதீர்கள், உள்ளே கறுத்துப் பொரிந்துவிடும். எதை வாங்கினாலும் மெல்லிசு அடி வேண்டாம். கைப்பிடி ஆணியடித்து இருக்கிறதா, வெறும் பற்றவைப்பா என்று பாருங்கள், முழுக் கனத்தையும் சுமக்கப்போவது அதுதான். கடையிலேயே பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துத் தூக்கிப் பார்க்க விடுவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.